சின்னம் கேமராவைப் பார்க்கட்டும்

அந்தக் கல்லூரியில் அமைதியாக இருந்தது ஒரே ஓர் அறைதான். இரண்டாவது மாடியின் கோடியில், தேர்வு அலுவலகத்தை ஒட்டி, புவியியல் துறை தன் பழைய வரைபடங்களைச் சுருட்டிப் போட்டு வைத்திருந்த அறை. தடித்த சுவர். உத்தரத்துக்குக் கீழே ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். போட்டால் 'ம்' என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். கூட்டம் எதுவும் நடத்த முடியாத அளவு சின்ன அறை என்பதால் நிர்வாகத்தின் பார்வை அதன்மேல் விழவில்லை. அதனால்தான் அது அமைதியாக இருந்தது.

பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு அந்த அறை தேவைப்பட்டது. வகுப்பில் அவளுக்குப் பெயர் பராக்கு. முதல் வருடம் ஒரு பேராசிரியர் வைத்தது. வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட அப்படியே கூப்பிட்டார்கள், அவளும் எழுந்து நின்றாள். கடைசி வரிசையில் ஒருவன் பேனா மூடியைக் கடித்தால் அவளுக்குக் கேட்கும். வெளியே யாராவது ஸ்டாண்டை எடுக்காமல் வண்டியைக் கிளப்பினால் கேட்கும். கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வறளக் கத்துகிற ஆளின் குரல் மட்டும் கேட்காது. மருத்துவர் இதற்கு ஏடிஹெச்டி என்று பெயர் சொன்னார். பரீட்சைக்குத் தனி அறையும் அரை மணி கூடுதல் நேரமும் கொடுக்கச் சொன்னார். அப்போதிருந்த முதல்வர் ஓய்வு பெறுகிற அவசரத்தில் இருந்ததால், யோசிக்காமல் நல்லது செய்துவிட்டார். வரைபட அறையில் உட்கார்ந்து எழுதிய அத்தனை தாளிலும் பராக்கு தேறினாள்.

மிச்சம் இருந்தது, அதற்கு முன்பே இரண்டு தடவை கோட்டை விட்ட புள்ளியியல். மூன்றாவது தடவையும் போனால் படிப்பு ரத்து என்பது கல்லூரி விதி. விதிகளில் இதை மட்டும் யாரும் மறந்ததில்லை.

அவள் அம்மா வேறொரு ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். விடுதியிலிருந்து பராக்கு தினமும் மாலையில் போன் செய்வாள்.

"அம்மா, மிஷினை நிறுத்தாத. போனைப் பக்கத்துல வச்சிட்டு நீ பாட்டுக்குத் தைச்சிட்டு இரு. நான் படிக்கணும்."

"எல்லாப் பொண்ணும் போன் பண்ணி அம்மாகிட்ட பேசும். நீதான்டி மிஷின்கிட்ட பேசுற."

"மிஷின் என்னைத் திட்டாதுல்ல."

"அதுக்கு வேலை இருக்கு. இல்லன்னா அதுவும் திட்டும். காது நாலு, கவனம் கால், அதான் உன் கணக்கு. ரூம் என்ன ஆச்சு?"

"நாளைக்குப் புது பிரின்சிபாலைப் பாக்கப் போறேன். போன தடவை குடுத்ததுதானம்மா. குடுத்துடுவாங்க."

"குடுக்கலன்னா கிளம்பி வந்து இங்க பட்டன் தை. ஆனா நீ பட்டனை ஒரு சட்டையிலயும் ஓட்டையை இன்னொரு சட்டையிலயும் போடுவ. என் கடைக்கு அது தாங்காது."

தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே சத்தம் தலைக்குள் ஓடும்போது மற்ற சத்தங்கள் எல்லாம் அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் பராக்குவுக்குப் படிக்க வரும்.

புது முதல்வர் அவள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். அவ்வளவு சந்தோஷம்.

"ஏடிஹெச்டி. நம்ம காலேஜ்லயே இருக்கா? யாரும் என்கிட்ட சொல்லவே இல்லையே." ஏதோ பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் இருப்பதைக் கண்டுபிடித்த மாதிரி கேட்டார்.

"ரூம் மட்டும் போதும் சார். அரை மணி நேரமும்."

"ரூம் குடுக்கிறது பெரிய விஷயம் இல்லம்மா. ஆனா ரூம் குடுத்தா நீ ஒருத்திதான் பயனடைவ. விழிப்புணர்வு குடுத்தா எல்லாரும் பயனடைவாங்க. முதல்ல எல்லாரும் விழிக்கட்டும். அதுக்கப்புறம் உனக்கு ரூம் குடுத்தா, ஏன் இவளுக்கு மட்டும்னு எவனும் கேக்க மாட்டான்."

"இந்த செமஸ்டர் கடைசியில பரீட்சை சார்."

"அதுக்குள்ள விழிக்க வச்சிடலாம்."

பக்கத்துக் கல்லூரி தூக்கமின்மை பற்றி பாட்காஸ்ட் தொடங்கி, அதன் முதல்வர் படம் செய்தித்தாளில் வந்திருந்தது. ஆகவே இங்கே பாட்காஸ்ட் என்று முடிவாயிற்று. பாட்காஸ்ட் என்றால் என்ன என்று முதல்வர் கேட்டார். வானொலி மாதிரிதான், ஆனால் வேண்டியவர்கள் வேண்டிய நேரத்தில் கேட்கலாம் என்றார்கள்.

"வேண்டாதவங்க?"

"கேக்காம விட்டுடலாம் சார்."

"அதை மட்டும் சரி பண்ணிடுங்க."

குழு அமைக்கப்பட்டது. விளையாட்டு விழாவைச் சத்தமாக நடத்திக் காட்டியவர் என்பதால் வணிகவியல் துறைத் தலைவி அதற்கு ஒருங்கிணைப்பாளர் ஆனார். உளவியல் துறையிலிருந்து யாரையாவது சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். "வேண்டாம், அவங்க வந்தா விஷயத்துக்குள்ள போயிடுவாங்க" என்றார் முதல்வர். முதல் கூட்டம் முழுக்கப் பெயர் வைப்பதில் போயிற்று. 'கவனி மாணவா' என்று வைத்தார்கள். அந்த நேரம் முதல்வர் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பெயரை அவருக்கு மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒலிப்பதிவுக்கு அமைதியான அறை வேண்டும். குழு கல்லூரி முழுக்கச் சுற்றி வந்து, கடைசியில் வரைபட அறையைக் கண்டுபிடித்தது. வரைபடங்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல் போடுகிறது என்று கழற்றப்பட்டது. ஏசி வைப்பதற்காகத் தேர்வு அலுவலகப் பக்கச் சுவரில் ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். ஓட்டை போட உடனே அனுமதி கிடைத்தது, ஏசி வாங்கக் கிடைக்கவில்லை. சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டினார்கள். ஓட்டை ஏசிக்கானது என்பதால் அதை அடைக்கவில்லை. கதவில் பலகை தொங்கியது: 'அமைதி. கவனச்சிதறல் விழிப்புணர்வு நடைபெறுகிறது.'

பராக்கு வாசலில் நின்று பார்த்தாள்.

"மேடம், இது நான் பரீட்சை எழுதற ரூம்."

"தெரியும்மா. அதனாலதான் இதையே எடுத்தோம். அதுல ஒரு உணர்வு இருக்குல்ல?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"பரீட்சை வந்தா?"

"இதெல்லாம் யாருக்காக நடக்குது? உனக்காகத்தான. நீயே இப்படிக் கேட்டா எப்படி?"

இனி மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மைக். ஒரு பக்கம் பேசினால் துல்லியமாக வாங்கும், பின்பக்கம் பேசினால் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வாங்கும். பேசுகிற பக்கம் எது என்று விற்றவர் விளக்கமாகச் சொல்லித்தான் கொடுத்தார். வாங்கப் போனவர் அப்போது தலையாட்டிக்கொண்டு வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் சின்னம் ஒரு விரிந்த புத்தகம், அதன்மேல் ஒரு திறந்த கண். அதை வட்டமாக அச்சடித்து மைக்கில், வழவழவென்று இடம் இருந்த பக்கத்தில் ஒட்டினார்கள். அது பேச வேண்டிய பக்கம்.

தொடக்க நாளில் புகைப்படக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், சின்னம் உங்களைப் பாத்துட்டு இருக்கு, படத்துல விழாது" என்றார்.

"எனக்கெதுக்குய்யா சின்னம்? சின்னம் கேமராவைப் பாக்கட்டும்" என்றார் முதல்வர். தன் கையாலேயே மைக்கைத் திருப்பி வைத்தார். மைக் முதல்வருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவையும் அதற்குப் பின்னாலிருந்த ஓட்டையையும் பார்த்தது. அன்றிலிருந்து எல்லாப் பதிவும் அப்படியேதான் நடந்தது.

முதல் எபிசோடில் வரவேற்புரை இருந்தது, தலைமையுரை இருந்தது, வாழ்த்துரைகள் இருந்தன. பூங்கொத்து கொடுத்தார்கள். கேட்பவர்களுக்குக் காகிதம் சரசரக்கிற சத்தம் கேட்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகக் கொடுத்தார்கள். நடுவில் குழுப் படம் எடுப்பதற்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதுவும் பதிவாயிற்று.

முதல்வர் பேசினார்: "மாணவச் செல்வங்களே, கவனம் என்பது ஒரு செல்வம். எனக்கும் இளமையில் கவனம் சிதறியது. நான் மருத்துவரிடம் போகவில்லை. என் கவனத்தைக் கூப்பிட்டுச் சிதறாதே என்றேன். அது கேட்டுக்கொண்டது." அந்த நேரம் அவர் போன் அடித்தது. எடுத்து, குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ்தான் வேண்டும் என்று நீண்ட நேரம் வாதாடினார். வைத்துவிட்டு "எங்க விட்டேன்?" என்றார். அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மறுபடி மாணவச் செல்வங்களிலிருந்து ஆரம்பித்தார்.

பராக்குவுக்குப் பயனாளி என்ற பொறுப்பு கொடுத்திருந்தார்கள். பயனாளி முதல் நாற்காலியில் உட்கார வேண்டும், பேசக் கூடாது.

"நானே என் கதையைச் சொல்றேனே மேடம்."

"நீ பேசினா நல்லாதான் இருக்கும்மா. அதான் பிரச்சினை. நல்லா இருக்கிற மாதிரி இருக்கும். கேக்கிறவங்களுக்கு ஒரு பாதிப்பு தெரிய வேணாமா?"

அவளுக்குப் பதிலாக அவள் பேச்சைப் பேச நாடகக் குழுவிலிருந்து ஒரு முதலாண்டு மாணவன் வந்தான். வசனம் என்று அவனுக்குப் பட்டப்பெயர். பதிவுக்கு முன்னால் அவளிடம் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, உங்களுக்கு என்ன ஆகும்? கை நடுங்குமா?"

"நடுங்காது."

"மயக்கம்?"

"அதெல்லாம் வராதுடா. பேனாவை எங்கயோ வச்சிட்டோம்னு ரூம் முழுக்கத் தேடுவேன். கையிலயே இருக்கும்."

"அது சிரிப்பு வந்துடும்கா. மேடம் சோகம் கேட்டிருக்காங்க."

"அப்ப மூணாவது தடவையும் அரியர் விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அதைச் சொல்லு."

"அதைக் காலேஜைப் பத்திச் சொல்ற மாதிரி ஆயிடும்னு அடிச்சிட்டாங்க." அவன் யோசித்தான். "சரி, நான் அழுதுடறேன்."

நன்றாகவே அழுதான்.

வேண்டாதவர்கள் கேட்காமல் விட்டுவிடும் குறையைச் சரிசெய்ய ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு எபிசோடையும் முழுக்கக் கேட்டதாகத் துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். கணினி ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் எபிசோடைப் போட்டுவிட்டு ஒலியை அடைத்துவிட்டார்கள். கேட்டவர் எண்ணிக்கை ஊர் ஜனத்தொகையைத் தொட்டது. 'அருமை', 'பயனுள்ள பதிவு', 'கண்கள் குளமாயின' என்று கீழே கருத்துகள் குவிந்தன. அவற்றை எழுத ஒரு வகுப்பு முழுவதுக்கும் நூலக நேரம் ஒதுக்கப்பட்டது. எல்லா வகுப்பறையிலும் ஒலிபெருக்கி மாட்டி, ஒவ்வொரு பாடவேளையும் தொடங்கும்போது பாட்காஸ்ட்டிலிருந்து ஒரு துண்டைப் போட்டார்கள். ஆசிரியர்கள் அதற்கு மேலாகப் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் அதற்கும் மேலாகப் பேசினார்கள். அந்தக் கல்லூரியில் இதனால் உண்மையாகவே படிக்க முடியாமல் போனது ஒருத்திக்கு. அவள்தான் பயனாளி.

பயனாளிக்கு இன்னொரு கடமையும் இருந்தது. ஒவ்வொரு எபிசோடுக்கும் அவள் ஒரு நன்றிக் குறிப்பு எழுத வேண்டும். பொய்யாக எழுதக் கூச்சப்பட்டு, ஒரு மாலை விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து, இயர்போனை மாட்டிக்கொண்டாள். முதல்வர் எங்கோ கிணற்றுக்குள் இருந்தார். அவருக்கு முன்னால், காதோடு காதாக, இரண்டு பேர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற தேர்வு அதிகாரியும் அவருடைய எழுத்தரும்.

"அந்தப் பொண்ணு ரூம் கேட்டுதே, என்ன சார் பண்றது?" என்றது எழுத்தர் குரல்.

"என்னத்த பண்ண?"

"குடுத்துட்டா போச்சு. ஒரு ரூம், ஒரு மேற்பார்வை ஆள். பெருசா என்ன ஆயிடப் போகுது?"

"குடுக்கலாம்யா. இவளுக்குக் குடுத்தா அடுத்த வருஷம் பத்துப் பேர் வருவான். எனக்கும் இருக்கு, எனக்கும் இருக்குன்னு நிப்பான். எங்க போறது ரூமுக்கு? பிரின்சிபால் தெளிவா சொல்லிட்டாரு. விழிப்புணர்வு வரணும், ஆள் வரக் கூடாது."

"அப்ப இந்தப் பொண்ணுக்கு?"

"பரீட்சை அன்னைக்கு ஸ்டுடியோவைப் பூட்டிடச் சொல்லியிருக்காரு. பூட்டின ரூமை நாம எப்படிக் குடுக்க முடியும்? அந்த க்ரீம் வச்சதை இந்தப் பக்கம் தள்ளு."

தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து, 'உங்களுக்காக எங்கள் கதவு என்றும் திறந்திருக்கும்' என்று முதல்வர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எபிசோட் முடிந்த பிறகுதான் பராக்குவுக்கு உறைத்தது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஒரு இடத்தில்கூடக் கவனம் சிதறாமல் கேட்டிருக்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவை. மற்ற எல்லா எபிசோடையும் ஒரே மூச்சில் கேட்டு முடித்தாள். எழுத்தருக்கு மருமகனோடு மனத்தாங்கல் இருப்பதும், தேர்வு அதிகாரி மதியத்தில் குறட்டை விடுவதும், அவளுக்கு அறை கிடையாது என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் விளங்கின.

மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடம் போனாள்.

"மேடம், எபிசோடெல்லாம் கேட்டீங்களா?"

"என்ன கேள்வி இது? ரெண்டு ரெண்டு தடவை கேட்டேன்."

"எனக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு அதுல வருது. தேர்வு அதிகாரி சொல்றார்."

ஒருங்கிணைப்பாளர் மேசைமேலிருந்த கையெழுத்துத் தாள்களை அடுக்கினார். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். "அது ஒரு கோணம்மா," என்றார் கடைசியில். "எல்லாக் கோணமும் வரணும்ல."

தேர்வு அதிகாரியும் கேட்டதாகக் கையெழுத்துப் போட்டவர்தான். "நான் அப்படிப் பேசியிருந்தா கேக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிருக்காதா? நல்லா கவனமா கேளும்மா. உனக்குத்தான் கவனம் போயிடுமே" என்றார். சொல்லும்போதே ஓட்டையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பிஸ்கட் டப்பாவை மூடினார்.

முதல்வருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "என் குரல் எப்படி வந்திருக்கு?"

"தூரமா இருக்கு சார்."

"ஆழம்னு சொல்லு."

அந்தச் சமயத்தில்தான் விருது வந்தது. கல்லூரிகளின் பாட்காஸ்ட்டுகளுக்காக ஏதோ ஒரு சங்கம் கொடுக்கிற விருது. நடுவர்களில் ஒருவர் பழைய பழக்கத்தில் உண்மையாகவே உட்கார்ந்து கேட்டுவிட்டார். கேட்டவர் அசந்து போனார். பாராட்டுரையை முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார்.

"விழிப்புணர்வு என்ற பெயரில் நிறுவனங்கள் போடும் பாசாங்கை இந்தத் தொடர் ஈவிரக்கமின்றித் தோலுரிக்கிறது. பின்னணியில் தேய்ந்து ஒலிக்கும் வெற்று மேடைப் பேச்சும், முன்னணியில் பிஸ்கட் கடித்தபடி ஒரு மாணவியின் வாழ்க்கையை முடிவு செய்யும் இரு அதிகாரிகளும், துணிச்சலான கற்பனை." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தோலுரிச்சிருக்கோம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தேர்வு அதிகாரிக்கு இயல்பான நடிப்புக்காகத் தனிச் சான்றிதழ். அவர் எழுந்து, "நடிக்கணும்னு நினைச்சு நடிக்கல. தானா வந்தது" என்றார். அடக்கமாகத்தான் சொன்னார்.

விருது விழா வெளியூரில். புள்ளியியல் பரீட்சை அன்றைக்கே. முதல்வர் பராக்குவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பயனாளி இல்லாம மேடை நல்லா இருக்காது. நீ வரணும்."

"எனக்குப் பரீட்சை சார். இதுல போச்சுன்னா படிப்பே போச்சு."

"பரீட்சை வருஷா வருஷம் வரும். விருது வருமா?"

"எனக்கு இனிமே வராது சார், பரீட்சை. நான் வரல." சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எல்லாரும் விழாவுக்குப் போனா ஸ்டுடியோ சும்மாதான சார் இருக்கும்? அன்னைக்கு மட்டும் திறந்து விடுங்க."

"சும்மாதான் இருக்கும். ஆனா சாவி குழுகிட்ட. குழு என்கூட வருது." கொஞ்சம் இறங்கி வந்து விளக்கினார். "இதோ பாரும்மா, ரெண்டாவது சீசன் கேட்டிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு ரூம் கிடைக்காம இருந்தாதான் கதை நகரும். கிடைச்சிட்டா அப்புறம் விழிப்புணர்வுக்கு என்ன வேலை?"

பரீட்சை அன்று காலை முதல்வரும் குழுவும் கல்லூரிப் பேருந்தில் கிளம்பிப் போனார்கள். மேடைப் படத்தில் சின்னம் விழ வேண்டும் என்பதால் மைக்கையும் எடுத்துக்கொண்டார்கள். நடிப்புச் சான்றிதழ் வாங்கத் தேர்வு அதிகாரியும் போனார். தேர்வு அதிகாரி இல்லாமலே தேர்வு ஆரம்பமானது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பராக்குவுக்குப் பெரிய கூடத்தின் நடுவில் இடம். வினாத்தாளைப் புரட்டினாள். முதல் கேள்வியைப் படித்தாள். பக்கத்தில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். மறுபடி முதல் கேள்வியைப் படித்தாள். மேற்பார்வையாளரின் செருப்பு ஒன்று மட்டும் கீச்சிட்டது, இடது கால் செருப்பு. யாரோ ஒருவன் ஸ்கேலைக் கீழே போட்டான். குனிந்து எடுத்தவனின் நாற்காலி நகர்ந்தது. முதல் கேள்வியை மூன்றாவது முறையாகப் படித்தாள். அதில் இருந்தவை எல்லாம் அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். ஒன்றோடு ஒன்று சேர மாட்டேன் என்றன. அம்மாவின் கடையும், வரிசையாகத் தொங்குகிற பட்டன் இல்லாத சட்டைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இடது செருப்பு திரும்பி வந்தது.

அப்போது கூடத்தின் ஒலிபெருக்கிகள் உறுமித் திறந்தன. விருது விழாவை எல்லாக் கூடங்களுக்கும் நேரலையாக ஒலிபரப்ப வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார். பரீட்சைக் கூடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் சான்றிதழ் வாங்கப் போயிருந்தார். பராக்கு பேனாவை மூடினாள். முடிந்தது என்று நினைத்தாள்.

வெளியூர் மேடையில் மைக்கைத் தன் முன்னால் வைத்துக்கொண்ட முதல்வர், சின்னம் எங்கே பார்க்கிறது என்று சரிபார்த்தார். கேமரா கீழே இருந்தது. அதற்குப் பக்கத்தில், மேடையில் இருப்பவர்களுக்கு வேர்க்காமல் இருக்க, ஓர் ஆள் உயரத்துக்குப் பெரிய ஃபேன் மேடையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. முதல்வர் மைக்கைத் திருப்பி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

பரீட்சைக் கூடத்தில் முதல்வர் குரல் வரவில்லை. 'ம்' என்று ஒரு சத்தம் வந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரே சுருதி. கைதட்டல்கள்கூட அதில் தூறல் மாதிரி கரைந்து போயின. உறிஞ்சின மூக்கு போயிற்று. ஸ்கேல் போயிற்று. செருப்பு நடந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது, காதில் விழவில்லை. பக்கத்தில் போனை வைத்துவிட்டு யாரோ தைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பராக்கு பேனாவைத் தேடினாள். கையிலேயே இருந்தது. முதல் கேள்வியின் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. எழுத ஆரம்பித்தாள்.

முதல்வர் நீளமாகப் பேசுகிறவர். அவருக்குப் பிறகு ஒருங்கிணைப்பாளர் பேசினார். அவருக்குப் பிறகு இயல்பாக நடித்தவர் பேசினார். அத்தனை பேருக்கும் சின்னம் கேமராவைத்தான் பார்த்தது. கூடுதல் அரை மணி கிடைக்கவில்லை. கடைசிக் கணக்கின் விடைக்குக் கீழே கோடு போடும்போது மணி அடித்துவிட்டது. கோணல் கோடுதான்.

பராக்கு தேறினாள். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "மிஷின்கிட்டயே சொல்லு, அதான் படிச்சுக் குடுத்துச்சு" என்றாள் அம்மா. பிறகு கொஞ்ச நேரம் மிஷின் ஓடவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கல்லூரியும் அறிவிப்பு வெளியிட்டது. நேரலையாகப் பாட்காஸ்ட்டைக் கேட்டபடி எழுதிய மாணவி தேறியிருப்பதால், இந்தக் குறைபாட்டுக்குப் பாட்காஸ்ட்டே போதுமானது என்று நிரூபணமாகிறது. ஆகவே தனி அறை, கூடுதல் நேரம் போன்ற பழைய முறைகள் கைவிடப்படுகின்றன.

விழா எபிசோட் வலைத்தளத்தில் ஏறியது. விசித்திரம் என்னவென்றால், அதை மட்டும் யாரும் கட்டாயப்படுத்தாமலே மாணவர்கள் கேட்டார்கள். விடுதியில் அறைக்கு அறை அதைப் போட்டுவிட்டுப் படித்தார்கள். பராக்குதான் ஆரம்பித்து வைத்தாள். "அதுல யாரும் பேச மாட்டாங்க" என்று சொன்னால் போதுமாக இருந்தது. பக்கத்துக் கல்லூரியில் தூக்கமில்லாதவர்களும் கேட்பதாகச் செய்தி வந்தது. முதல்வர் நெகிழ்ந்து போனார். கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தார், நேரமில்லை. இரண்டாவது சீசன் முழுவதும் அதே பாணியில்தான் என்று அறிவித்தார்.

பயனாளியாகப் பராக்குவும் பதிவுக்குப் போனாள். அவளுக்கு இன்னும் ஒரு வருடப் பரீட்சைகள் பாக்கி இருந்தன. ஸ்டுடியோவில் ஏசி இன்னும் வரவில்லை. கறுப்புப் பஞ்சுக்கு நடுவில் முதல்வர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"சார், ஆடிட்டோரியத்துல ஒரு பெரிய ஃபேன் சும்மா கிடக்கு. கொண்டு வந்து உங்க முன்னால வைக்கட்டுமா?"

முதல்வர் ஒருங்கிணைப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? இதுதான் விழிப்புணர்வு. இந்தப் பொண்ணுக்கு முன்னாடியெல்லாம் அடுத்தவங்க மேல இவ்வளவு கவனம் இருந்திருக்குமா?"

ஃபேன் வந்தது. பராக்கு அதைக் கேமராவுக்குப் பக்கத்தில், ஓட்டையை நன்றாக மறைத்து நிறுத்தி, முழு வேகத்தில் வைத்தாள்.

"மைக் சரியா இருக்கா பாரு" என்றார் முதல்வர்.

பராக்கு பார்த்தாள். சின்னம் கொஞ்சம் முதல்வர் பக்கமாகத் திரும்பியிருந்தது. அதை நேராக ஃபேனைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"இப்ப சரியா இருக்கு சார்."

முதல்வர் மாணவச் செல்வங்களே என்று தொடங்கினார். ஃபேன் மிகத் துல்லியமாகப் பதிவாயிற்று.